டிரம்மில் ஒட்டிய இங்கிலீஷ்

சென்னையிலிருந்து வடக்கே போகும் கொல்கத்தா நெடுஞ்சாலையோரக் காயலான் கடைகளில் நீல நிற பிளாஸ்டிக் டிரம்கள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். ஆலைக்கு ரசாயனம் சுமந்து வந்து, காலியானபின் விலைக்குப் போனவை. குழாய்த் தண்ணீர் விட்டு விட்டு வரும் வீடுகளில் இவை குளியலறை வாசலில் வந்து உட்கார்ந்துகொள்ளும். சோப்புப் போட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்து, நெடி போனதும் தண்ணீர் பிடிப்பார்கள். டிரம்மின் வயிற்றில் பாதி கிழிந்த சீட்டு ஒன்று ஒட்டியபடியே இருக்கும். அதில் இருப்பதெல்லாம் ஆங்கிலம்.

அந்த வீட்டில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை ஒன்று இருக்கலாம். ஒன்றாம் வகுப்பிலிருந்தே ஆங்கிலம் படித்து வரும் பிள்ளை. அந்தச் சீட்டைப் படித்துவிட்டு, “அம்மா, இதுல தண்ணி புடிக்காதே” என்று அதனால் சொல்ல முடியுமா? திருவள்ளூர் மாவட்டத்து ஆங்கில வகுப்புகளுக்கு இதைவிடக் கறாரான தேர்வு வேறில்லை.

சீட்டில் இருப்பது கடினமான ஆங்கிலமும் அல்ல. ஐக்கிய நாடுகள் சபை வகுத்த பொது முறைப்படி, சிவப்பு விளிம்பு கட்டிய சாய்சதுரத்துக்குள் கறுப்பில் ஒரு படம் இருக்கும். தீ நாக்கு, மண்டையோடு, கையை அரிக்கும் திரவம், செத்த மீன் என்று மொத்தம் ஒன்பது படங்கள். பக்கத்தில் ஒற்றை எச்சரிக்கைச் சொல். ‘டேஞ்சர்’ என்றிருந்தால் கடுமையான ஆபத்து. ‘வார்னிங்’ என்றால் அதற்கு ஒரு படி கீழே. அதன்கீழ் ஏழெட்டுச் சொற்களில் முடியும் சின்ன வாக்கியங்கள்: விழுங்கினால் என்ன ஆகும், தோலில் பட்டால் என்ன செய்வது, எதன் அருகே வைக்கக் கூடாது. ஆறாம் வகுப்புப் பாடப்புத்தகத்தின் வாக்கியங்களைவிட இவை எளியவை. ஆனால் பள்ளியில் யாரும் இவற்றைப் படிக்கச் சொன்னதில்லை.

தமிழ்நாடு அரசு 1971-இல் தொடங்கிய சிப்காட் நிறுவனத்தின் பெரிய வளாகங்களில் ஒன்று இந்த மாவட்டத்தின் கும்மிடிப்பூண்டியில் இருக்கிறது. இரும்பு உருட்டாலைகள், வார்ப்படச் சாலைகள், ரசாயன ஆலைகள், வாகன உதிரிபாகத் தொழிற்சாலைகள் என்று எல்லாம் கலந்த வளாகம். மேற்கே தேர்வாய்கண்டிகையில் டயர் ஆலை. திருவள்ளூரை ஒட்டிக் காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டை. எல்லையைத் தாண்டினால் ஆந்திரத்தின் ஸ்ரீசிட்டி தொழில் நகரம். உள்ளூர்த் தமிழரோடும் தெலுங்கரோடும் ஒடிசா, பீகார், வங்காளத்துக்காரர்கள் ஒரே லைனில் நிற்கிறார்கள்.

தொழிற்சாலையில் மாட்டும் சட்டப்படியான அறிவிப்புகள் ஆங்கிலத்திலும், பெரும்பான்மைத் தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியிலும் இருக்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 108-ஆம் பிரிவு விதித்தது. அதனால் கேட்டருகே தமிழைப் பார்க்கலாம், பல இடங்களில் இந்தியையும். சுவரைத் தாண்டி உள்ளே போனால் கைமாறும் காகிதம் வேறு. லாக் புக், வொர்க் பர்மிட், ஜாப் கார்டு, இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட், மாதக் கடைசியில் பே ஸ்லிப். இவையெல்லாம் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். ஆபத்தான ரசாயனத்தின் சீட்டு தமிழிலும் வேண்டும் என்று கேட்பது நியாயமான கோரிக்கை; அதை விடாமல் கேட்க வேண்டும். அது நிறைவேறும்வரை இந்த மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு அந்தச் சீட்டின் ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டும்.

லீவ் லெட்டரும் ரோடு மேப்பும்

தமிழ்நாட்டில் பள்ளிக்குப் போன எவரையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒரு வாக்கியம் வரும்: “ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்…” அக்காவுக்குக் கல்யாணம் என்றாலும், ஊரில் தீமிதித் திருவிழா என்றாலும் லீவ் லெட்டரில் காய்ச்சல்தான். காரணம் பிள்ளையின் பொய் மட்டுமல்ல. மனப்பாடம் செய்த கடிதத்தில் வேறு எந்தக் காரணத்துக்கும் இடம் இல்லை. கல்யாணம் என்று எழுத வேண்டுமானால் புதிதாக ஒரு வாக்கியம் அமைக்க வேண்டும். அந்த ஒரு வாக்கியத்தை அமைக்கும் பழக்கம் பத்து ஆண்டு ஆங்கிலப் படிப்பில் பலருக்கு வாய்ப்பதில்லை.

பாடத்திட்டத்தை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தேர்வில் வழி கேட்பவருக்கு ரோடு மேப் பார்த்து வழி சொல்லும் கேள்வி உண்டு. நோட்டீஸ் எழுது, விளம்பரம் தயாரி, கடிதம் எழுது, படத்தைப் பார்த்து எழுது என்ற கேள்விகளும் உண்டு. எல்லாம் நடைமுறை ஆங்கிலம்தான். ஆனால் வகுப்புக்குள் வரும்போது இவை மதிப்பெண்ணுக்கான வாய்பாடாகிவிடுகின்றன. “கோ ஸ்ட்ரெய்ட், டர்ன் லெஃப்ட், இட்ஸ் ஆன் யுவர் ரைட்” என்று கைடில் உள்ள நாலு வரியை எழுதினால் மதிப்பெண் விழும். உண்மையில் யாரும் வழி கேட்கவில்லை, யாரும் எங்கேயும் போய்ச் சேரவும் இல்லை.

பள்ளி வாசலில் நின்று, ரேஷன் கடைக்கு வழியை ஒரு துண்டுச்சீட்டில் எழுதி, அந்த ஊர் தெரியாத இன்னொரு மாணவனிடம் கொடுத்து, அவன் போய்ச் சேர்ந்தானா என்று பார்த்தால் அதே கேள்வி பாடமாகிவிடும். வித்தியாசம் அவ்வளவுதான். ஆனால் அந்த வித்தியாசத்தைப் புரிந்துகொள்ள உலகம் வெகு காலம் எடுத்துக்கொண்டது. அதற்கான சோதனை நடந்த இடங்களில் ஒன்று சென்னை.

பிரபுவின் வகுப்பு

1959-இல் அன்றைய சென்னை மாநிலத்தில் ஒரு பெரும் பயிற்சி இயக்கம் தொடங்கியது. தொடக்க நிலையில் ஆங்கிலம் கற்பிக்கும் சுமார் 27,000 ஆசிரியர்களுக்குப் புதிய முறையைக் கற்றுக்கொடுப்பது இலக்கு. முதலில் கொஞ்சம் பேர் பயிற்சி பெறுவார்கள். அவர்கள் அடுத்த வட்டத்துக்குக் கற்பிப்பார்கள். அந்த வட்டம் அதற்கடுத்ததற்கு. உருண்டு உருண்டு பெருகும் பனிப்பந்தின் பெயரால் ஆங்கிலம் கற்பிப்போர் உலகில் ‘மெட்ராஸ் ஸ்னோபால்’ என்று அது அழைக்கப்பட்டது. அன்று சொல்லிக்கொடுத்த முறை, வாக்கிய அமைப்புகளை எளிதிலிருந்து கடினத்துக்கு வரிசைப்படுத்தி, திரும்பத் திரும்பச் சொல்லவைத்துப் பதியவைப்பது. ‘திஸ் இஸ் எ பென், தட் இஸ் எ புக்’ என்று ஒரு தலைமுறையே சேர்ந்து சொன்னது அப்படித்தான்.

இருபது ஆண்டு கழித்து அந்த முறையின் பலனைச் சந்தேகித்தவர் என்.எஸ். பிரபு. சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றியவர். பிள்ளைகள் வகுப்பில் வாக்கியத்தைச் சரியாகச் சொல்கிறார்கள், வெளியே போனால் அது நாவில் வருவதில்லையே, ஏன்? மொழியின் மீதே கண்ணை வைத்திருந்தால் மொழி படியாது, ஒரு காரியத்தில் மனம் ஆழ்ந்திருக்கும்போதுதான் படியும் என்பது அவர் எண்ணம். 1979 முதல் 1984 வரை பெங்களூரிலும் சென்னையிலும் சாதாரணப் பள்ளிகளில், பெரிய வகுப்புகளில் அதைச் சோதித்துப் பார்த்தார். அந்தத் திட்டத்துக்கு இலக்கணப் பட்டியலும் இல்லை, சொற்பட்டியலும் இல்லை. செய்து முடிக்க வேண்டிய வேலைகள் மட்டும் இருந்தன. ரயில் கால அட்டவணை, வரைபடம், பள்ளி டைம்டேபிள், பணக்கணக்கு, தந்தி. இன்று ஆங்கில ஆசிரியர் பயிற்சிகளில் உலகெங்கும் பேசப்படும் ‘டாஸ்க்’ வழிக் கற்பித்தலுக்கு முன்னோடி இந்த வகுப்புகளே. 1987-இல் ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பகம் அவருடைய நூலை வெளியிட்டது.

அவர் வகுப்பு நடக்கும் விதம் எளிமையானது. பாடத்தின் முதல் பாதியில் ஆசிரியர் ஒரு வேலையை வகுப்பு முழுவதோடும் சேர்ந்து, கேள்வி கேட்டுக் கேட்டுச் செய்து காட்டுவார். அடுத்த பாதியில் அதே மாதிரியான இன்னொரு வேலையை ஒவ்வொரு பிள்ளையும் தனியே செய்ய வேண்டும். மதிப்பெண் விடைக்கு, வாக்கியத்தின் அழகுக்கு அல்ல. பல வகுப்புகளின் டைம்டேபிளைக் கொடுத்து, அதிலிருந்து ஓர் ஆசிரியருடைய டைம்டேபிளைக் கண்டுபிடிக்கச் சொல்வது அவர் தந்த பெயர்பெற்ற எடுத்துக்காட்டு. காகிதத்தில் நேரடியாக எழுதப்படாத ஒன்றை, எழுதப்பட்டதிலிருந்து யோசித்து எடுக்க வேண்டும். இப்படிப்பட்ட வேலையே மற்ற வகைகளைவிடப் பலன் தரும் என்று பிரபு கருதினார்.

பலன் என்ன? 1985-இல் வெளியான ஒரு மதிப்பீட்டில், ஆலன் பெரெட்டா, ஆலன் டேவிஸ் என்ற இரு ஆய்வாளர்கள் திட்ட மாணவர்களையும் வழக்கமான மாணவர்களையும் ஒப்பிட்டார்கள். அவரவர் படித்த பாணிக்கு ஏற்ற தேர்வில் அவரவர் முந்தினார்கள். இருவருக்கும் பொதுவாக வைத்த தேர்வுகளில் பெரும்பாலும் திட்ட மாணவர்களே முன்னிலை. ஆய்வாளர்கள் இதை எச்சரிக்கையோடுதான் சொன்னார்கள். அந்த எச்சரிக்கையை மதிக்க வேண்டும். ஆனாலும் நம் ஊர்ச் சாதாரணப் பள்ளி வகுப்பறையில், நம் கூட்டத்தில், நம் கரும்பலகையில் செய்து பார்த்த முறை என்பதால் “இதெல்லாம் வெளிநாட்டுக்குச் சரி” என்று தள்ளிவிட முடியாது.

பிரபு தந்தியைக் கொண்டு பாடம் நடத்தினார். தந்திச் சேவை 2013 ஜூலையில் நின்றுவிட்டது. இன்று அவர் கும்மிடிப்பூண்டியில் வகுப்பெடுத்தால் எந்தக் காகிதத்தைக் கையில் எடுத்திருப்பார்?

மீஞ்சூரில் எத்தனை மணிக்கு ஏறணும்?

முதலில் ரயில். சென்னையிலிருந்து ஏறத்தாழ 48 கிலோமீட்டர் நீளும் கும்மிடிப்பூண்டித் தடம் இந்தப் பகுதியின் உயிர்நாடி. எண்ணூர், அத்திப்பட்டு, மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை எல்லாம் பிள்ளைகளுக்கு மனப்பாடம். சில வண்டிகள் கும்மிடிப்பூண்டியோடு நின்றுவிடும். சில ஏளாவூர், ஆரம்பாக்கம் கடந்து சூலூர்ப்பேட்டை வரை போகும். கால அட்டவணையின் ஆங்கிலப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து இருவருக்கு ஒன்றாகக் கொடுத்தால் போதும். கேள்வி இப்படி இருக்கலாம்: மீஞ்சூரில் இருக்கும் ஒருவர் ஆரம்பாக்கத்தில் காலை 9 மணிக்கு வேலைக்குச் சேர வேண்டும். ஸ்டேஷனிலிருந்து ஆலைக்கு இருபது நிமிட நடை. ஞாயிற்றுக்கிழமை. எந்த வண்டி?

இதற்கு ‘அரைவல்’, ‘டிபார்ச்சர்’, ‘எக்ஸப்ட் சண்டே’, ‘டெர்மினேட்ஸ் அட்’ என்ற சொற்கள் புரிய வேண்டும். யாரும் அவற்றுக்குப் பொருள் எழுதிப்போடத் தேவையில்லை. அந்த ‘எக்ஸப்ட் சண்டே’யைக் கவனிக்காத பிள்ளை இல்லாத வண்டியைத் தேர்ந்தெடுக்கும்; பக்கத்துப் பிள்ளை திருத்தும். அந்த வாக்குவாதம் தமிழில் நடந்தாலும் பரவாயில்லை. கண் ஆங்கிலத்தில் இருக்கிறது, விடை ஆங்கிலத்தில் வரப்போகிறது. தெலுங்கு வீட்டுமொழியாக உள்ள எல்லைப்புறப் பிள்ளை தமிழும் தெலுங்கும் கலந்து யோசித்தாலும் அப்படியே.

நாற்பத்தைந்து பேர் உள்ள வகுப்பில் இதெல்லாம் எப்படி முடியும் என்று கேட்கும் ஆசிரியருக்கு ஓட்டச் சொல்வதெழுதுதல் கை கொடுக்கும். வராந்தாச் சுவரில் ஐந்தாறு வரி கொண்ட பாதுகாப்பு அறிவிப்பு ஒன்றை ஒட்ட வேண்டும். இருவர் இருவராகச் சேர்வார்கள். ஒருவர் ஓடிப்போய் ஒரு வரியைப் படித்து, மனத்தில் வைத்துக்கொண்டு ஓடிவந்து சொல்ல, மற்றவர் எழுத வேண்டும். பாதியில் ஆளை மாற்றிக்கொள்ளலாம். ஓடுகிற பிள்ளை எழுத்தெழுத்தாகச் சுமக்க முடியாது. பொருள் புரிந்தால்தான் வாக்கியம் மனத்தில் தங்கும். ‘சேஃப்டி கிளாஸஸ்’ என்பதைக் கண்ணாடித் தம்ளர் என்று நினைத்துக்கொண்டு வரும் பிள்ளை, அடுத்த வரியில் ‘வேர்’ (அணிந்துகொள்) என்ற சொல்லைப் பார்த்ததும் தானே திரும்பிப்போய்ச் சரிபார்க்கும். செலவு ஒரு தாளும் கொஞ்சம் கோந்தும். பக்கத்து வகுப்புக்குச் சத்தம் போகும். அதைத் தலைமையாசிரியர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

காலி என்றால் காலியல்ல

அமெரிக்காவில் பெஞ்சமின் லீ வோர்ஃப் என்று ஒருவர் இருந்தார். மொழியியலில் பெரிய பெயர். பிழைப்புக்குச் செய்த வேலை தீ விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில். எந்தத் தீ எப்படிப் பற்றியது என்று ஆராய்ந்து அறிக்கை எழுதுவது அவர் பணி. பெட்ரோல் நிறைந்த டிரம்களுக்கு அருகே தொழிலாளர்கள் மிகக் கவனமாக நடந்துகொள்வதையும், ‘எம்ப்டி’ என்று சொல்லப்பட்ட டிரம்களுக்கு அருகே அலட்சியமாகப் புகைபிடிப்பதையும் அவர் குறித்து வைத்தார். காலி டிரம்மில் நிறைந்திருப்பது பெட்ரோல் ஆவி. நிறைந்த டிரம்மைவிட அதுதான் எளிதில் வெடிக்கும். சொல் ‘ஒன்றுமில்லை’ என்கிறது. உள்ளே இருப்பது அதற்கு மாறானது. 1941-இல் வெளியான கட்டுரையில் அவர் இதை எடுத்துக்காட்டினார்.

தமிழின் ‘காலி’யும் அதே பள்ளத்தில்தான் விழவைக்கிறது. நெடுஞ்சாலையோரத்து நீல டிரம்மும் காலி என்றே வீட்டுக்கு வருகிறது.

இன்னொரு சொல் இதைவிட ஆபத்தானது. ‘இன்’ என்ற முன்னொட்டு எதிர்மறை தரும் என்று வகுப்பில் கற்றுக்கொடுக்கிறோம். ‘கரெக்ட்’ என்றால் சரி, ‘இன்கரெக்ட்’ என்றால் தவறு, ‘விசிபிள்’, ‘இன்விசிபிள்’. நன்றாகப் படித்த பிள்ளை ‘ஃப்ளேமபிள்’ என்றால் தீப்பற்றும் என்று அறிந்திருக்கும். அப்படியானால் ‘இன்ஃப்ளேமபிள்’? தீப்பற்றாது என்றுதானே விதி சொல்கிறது! இரண்டுக்கும் பொருள் ஒன்றே: தீப்பற்றும். தீப்பற்றாததற்கு ‘நான்-ஃப்ளேமபிள்’ என்று எழுத வேண்டும். டேங்கர் லாரிகளின் பின்புறம் இரண்டு சொற்களையும் இன்றும் பார்க்கலாம். இலக்கண விதியை ஒழுங்காகக் கற்ற பிள்ளையே இங்கே ஏமாறும் என்பதால், இந்த ஒரு சொல்லுக்கு ஒரு முழுப் பாடவேளை ஒதுக்கினாலும் தகும்.

டேங்கர் லாரியே ஒரு பாடப்புத்தகம். ஆபத்தான சரக்கு ஏற்றிய வண்டியில் அவசரத் தகவல் பலகை இருக்க வேண்டும் என்பது 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதி. சரக்கின் பெயர், நான்கு இலக்க ஐ.நா. எண், அவசரத்துக்கு அழைக்க வேண்டிய தொலைபேசி எண்கள் எல்லாம் அதில் உண்டு. 1203 என்றால் பெட்ரோல், 1075 சமையல் எரிவாயு, 1005 அம்மோனியா, 1017 குளோரின். மணலியிலிருந்தும் எண்ணூரிலிருந்தும் புறப்படும் இந்த வண்டிகள் பள்ளிப் பிள்ளைகளின் கண்முன்னே அன்றாடம் போகின்றன. பலகையின் படம் ஒன்றைக் கரும்பலகையில் வரைந்து, “வண்டி கவிழ்ந்து கிடக்கிறது, டிரைவருக்கு மயக்கம், நீ போனில் என்ன சொல்வாய், மூன்று வாக்கியம் எழுது” என்று கேட்டால் படிப்பதும் எழுதுவதும் ஒரே மூச்சில் நடக்கும்.

எண்ணூர் மக்களுக்கு இது கற்பனைப் பயிற்சி அல்ல. 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி அங்கே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் கண் எரிந்து, மூச்சுத் திணறி, இருட்டில் வீட்டை விட்டு ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அம்மோனியாவின் பாதுகாப்புத் தாளை இணையத்தில் எவரும் எடுக்கலாம். எல்லா ரசாயனத்துக்கும் அந்தத் தாள் ஒரே மாதிரி 16 பகுதிகள் கொண்டது. நான்காவது பகுதி முதலுதவி, ஐந்தாவது தீயணைப்பு, ஆறாவது கசிவு, எட்டாவது தற்காப்புக் கவசம். வகுப்பை நான்கு குழுவாக்கி ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பகுதியைக் கொடுத்து, பிறகு குழுக்களைக் கலைத்துச் சேர்த்து, நால்வரின் தகவலும் கூடினால் மட்டுமே விடை கிடைக்கும்படி ஒரு கேள்வி கேட்கலாம். ‘மூவ் டு ஃப்ரெஷ் ஏர்’, ‘ரின்ஸ் வித் வாட்டர் ஃபார் அட் லீஸ்ட் ஃபிஃப்டீன் மினிட்ஸ்’ என்ற வரிகளின் அருமை எண்ணூர்ப் பிள்ளைகளுக்குப் புரியும்.

‘நாட்’ விட்டுப்போனால்

படிப்பதைவிட எழுதுவதற்குத்தான் பயம் அதிகம். சிவப்பு மையின் பயம் அது. ஒரு பக்கத்தில் இருபது வட்டம் போட்டுத் திருப்பிக் கொடுத்தால் அடுத்த முறை பிள்ளை கைடைப் பார்த்து எழுதும். தவறு வராது, எழுத்தும் வராது.

ஆலையில் ஷிஃப்ட் மாறும்போது எழுதும் லாக் புக் நல்ல பயிற்சி. முதல் ஷிஃப்ட்காரராக ஒருவர், ரிலீவராக ஒருவர். முதலாமவருக்கு மட்டும் தமிழில் நிலைமை சொல்லப்படும்: இரண்டாம் நம்பர் பம்பில் ஆயில் ஒழுகுகிறது, காலை 10.40-க்கு நிறுத்தியாயிற்று, ஃபிட்டர் வரும்வரை போடக் கூடாது. அவர் ஆங்கிலத்தில் நாலு வரி எழுத வேண்டும். ரிலீவர் வெளியிலிருந்து வந்து, அதை மட்டும் படித்துவிட்டு, தான் என்ன செய்யப்போகிறார் என்று சொல்ல வேண்டும். ‘லீக்’ என்பதில் ஓர் எழுத்து மாறியிருந்தால் காரியம் கெடாது. ‘டூ நாட் ஸ்டார்ட்’ என்பதில் ‘நாட்’ விட்டுப்போனால் ஒருவர் கை போகும். எந்தத் தவறு எவ்வளவு கனமானது என்பதைப் பிள்ளை தன் கண்ணாலேயே பார்க்கிறது. ஆசிரியரின் சிவப்பு மையும் அந்த வரிசைப்படியே ஓட வேண்டும்: முதலில் பொருள் மாற்றும் பிழை, கடைசியில் எழுத்துப் பிழை.

பே ஸ்லிப் இன்னும் சுவையானது, ஏனென்றால் அது பணம். வகுப்புக்காக ஒரு கற்பனைச் சீட்டு தயாரிக்கலாம். மொத்தச் சம்பளம் ரூ.16,000, அடிப்படை ரூ.10,000. பி.எஃப். 12 சதவீதம் என்றால் ரூ.1,200. இ.எஸ்.ஐ.க்குத் தொழிலாளர் பங்கு 0.75 சதவீதம், அதாவது ரூ.120. சீட்டில் வேண்டுமென்றே இ.எஸ்.ஐ. ரூ.160 என்று போட்டு, வேலைக்கு வந்த நாள் ஒன்றை ‘எல்.ஓ.பி.’ (சம்பளமில்லா விடுப்பு) பத்தியில் சேர்த்துவிட வேண்டும். கூடவே வருகைப் பதிவேட்டின் நகல். தவறு எங்கே என்று கண்டுபிடித்து, ஹெச்.ஆர். துறைக்கு மூன்று வரியில் மரியாதையாக, ஆனால் தயங்காமல் எழுத வேண்டும். கணக்கு ஆசிரியரும் ஆங்கில ஆசிரியரும் சேர்ந்து நடத்தக்கூடிய பாடவேளை இது. அப்பாவின் உண்மையான பே ஸ்லிப்பைப் பிள்ளையிடம் கேட்கக் கூடாது. அது வீட்டு ரகசியம்.

சின்னப் பிள்ளைகளுக்கு ஆலைக் காகிதம் வேண்டியதில்லை. கொரோனாக் கால இழப்பை ஈடுகட்ட ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் 2022 ஜூன் 13 அன்று தொடங்கிவைத்தது இதே திருவள்ளூர் மாவட்டத்தின் அழிஞ்சிவாக்கம் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில்தான். அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலையறிந்து தமிழும் ஆங்கிலமும் கணக்கும் கற்பிக்கும் திட்டம். அட்டை, பாட்டு, பொம்மை எல்லாம் அதில் உண்டு. அவற்றோடு பால் பாக்கெட், பிஸ்கட் உறை, சோப்பு உறை, ஓ.ஆர்.எஸ். பாக்கெட் எல்லாவற்றையும் ஒரு கயிற்றில் கோத்துத் தொங்கவிடலாம். ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டில் ஒரு லிட்டர் தண்ணீருக்கானதும் உண்டு, 200 மில்லிக்கானதும் உண்டு. லிட்டருக்கானதை ஒரு தம்ளரில் கரைத்தால் உப்பு ஏறி, வயிற்றுப்போக்கில் வாடும் குழந்தைக்குக் கேடு. ‘ஒன் லிட்டர்’ என்ற இரண்டு சொல்லைப் படிக்கத் தெரிந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளை, தம்பியைக் காப்பாற்றிவிடும்.

கூலிக்கு ஆள் தயாரிப்பதா?

இந்த இடத்தில் ஒரு கேள்வி எழும், எழ வேண்டும். அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு லாக் புக்கும் பே ஸ்லிப்பும், பணக்காரப் பிள்ளைக்கு ஷேக்ஸ்பியருமா? ஆலைக்கு ஆள் பிடிக்கும் வேலையைப் பள்ளி செய்யலாமா?

இந்தச் சந்தேகம் மதிப்புக்குரியது. கதையையும் கவிதையையும் ஒதுக்கிவிட்டு லேபிளை மட்டும் படிக்கவைக்கும் பள்ளி பிள்ளைக்குத் துரோகம் செய்கிறது. ஆனால் காகிதம் படிக்கத் தெரிவது அடங்கிப்போவதற்கான பயிற்சி என்று எண்ணுவது தவறு. 1991-இல் புதுக்கோட்டையில் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் நடந்த அறிவொளி இயக்கம் இதற்குச் சாட்சி. கல் குவாரிகளில் கூலிக்கு உடைத்த பெண்கள் எழுத்தைக் கற்றார்கள். சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். குழுவாகச் சேர்ந்து குவாரிக் குத்தகையை நிர்வகிக்கும் வரை போனார்கள். அவர்கள் கற்றது தமிழ். பாடம் அவர்களின் வாழ்க்கையிலிருந்து எடுக்கப்பட்டது என்பதே இங்கே முக்கியம். பே ஸ்லிப்பில் தவறு கண்டுபிடிக்கக் கற்ற பிள்ளையை நாளை எந்தக் காண்ட்ராக்டரும் எளிதில் ஏமாற்ற முடியாது.

ஆசிரியர் இல்லாமல் எந்த முறையும் நிற்காது என்பதற்கும் இந்த மாவட்டத்திலேயே சான்று உண்டு. 2018 ஜூனில் பள்ளிப்பட்டு அருகே வெளியகரம் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஆங்கில ஆசிரியர் பகவானுக்கு மாறுதல் உத்தரவு வந்தது. பிள்ளைகள் அவரைச் சூழ்ந்து கட்டிப்பிடித்து அழுத படம் நாடு முழுவதும் பரவியது. மாறுதல் தற்காலிகமாக நிறுத்திவைக்கப்பட்டது. கதை சொல்வார், புரொஜெக்டரில் படம் காட்டுவார், வீட்டு நிலைமையை விசாரிப்பார் என்று அன்றைய செய்திகள் அவரைப் பற்றி எழுதின. பிள்ளையின் வீட்டு வாசலில் என்ன டிரம் இருக்கிறது என்று தெரிந்த ஆசிரியருக்கே அந்த டிரம்மின் சீட்டை வகுப்புக்குக் கொண்டுவரத் தோன்றும்.

ஆனால் காகிதத்தை ஆசிரியரே தேடி அலைய வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமல்ல. ஆலைகளின் உள்ளே அது கட்டுக்கட்டாக இருக்கிறது. நிரப்பாத கேட் பாஸ், நிரப்பாத வொர்க் பர்மிட், பழைய லாக் புக்கின் வெற்றுப் பக்கம், அச்சில் மிஞ்சிய லேபிள், காலாவதியான அறிவிப்புப் பலகை. இவற்றில் எந்தத் தொழில் ரகசியமும் இல்லை. சிப்காட்டில் உள்ள ஒவ்வோர் ஆலையும் அருகிலுள்ள ஓர் அரசுப் பள்ளிக்கு இவற்றை ஒரு கோப்பில் போட்டுக் கொடுத்தால் ஓராண்டு வகுப்புக்குப் போதும்.

மார்ச் 4 தேசியப் பாதுகாப்பு தினம். ஆலைகளில் கொடியேற்றுவார்கள், உறுதிமொழி எடுப்பார்கள், தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு வாசகப் போட்டி வைத்துப் பரிசும் கொடுப்பார்கள். இந்த ஆண்டு சேஃப்டி ஆபீசர்கள் அன்று ஒரு மணி நேரம் ஒதுக்கி, பக்கத்துப் பள்ளியின் ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு லேபிளோடு போக வேண்டும். போகும்போது தண்ணீர் பிடிக்கும் நீல டிரம் யார் யார் வீட்டில் இருக்கிறது என்று பிள்ளைகளிடம் கேட்டு, அதில் ஒட்டியுள்ள சீட்டை மறுநாள் எழுதி எடுத்துவரச் சொல்லிவிட்டு வர வேண்டும்.